யாரும் அளக்காத வயது

பத்து வயதுச் சிறுமியின் பின்கழுத்தில் கறுப்பாக ஒரு பட்டை படிகிறது. அம்மா அதை அழுக்கு என்று நினைக்கிறார். பயத்தமாவு போட்டுத் தேய்க்கிறார், எலுமிச்சைத் தோலால் தேய்க்கிறார், "ஒழுங்காக் குளிக்கிறியா இல்லையா?" என்று அதட்டுகிறார். சிறுமி அழுகிறாள், கறுப்பு போவதில்லை. தோல் மருத்துவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. 'அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ்' என்று அவர்கள் பெயர் சொல்லும் இந்தக் கருமை பெரும்பாலும் ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரப்பதன் அடையாளம். அந்தச் சிறுமிக்குச் சர்க்கரை இன்னும் ஏறியிருக்காது. ஏறாமல் தடுப்பதற்காக அவளுடைய கணையம் இரண்டு மடங்கு உழைத்துக்கொண்டிருக்கிறது. அந்த உழைப்பின் தடம்தான் கழுத்தில் தெரிகிறது.

உடனே அவள் என்ன தின்கிறாள், எவ்வளவு நேரம் செல்போன் பார்க்கிறாள் என்று விசாரிக்கத் தொடங்குவோம். கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால், அவள் பள்ளிக்கூட வாசலை மிதிப்பதற்கு முன்பே கணையத்தின் மேல் இந்தச் சுமை ஏறத் தொடங்கியிருக்கலாம். இரண்டு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையே அவள் எப்படி வளர்ந்தாள் என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் பதில் இருக்காது. தடுப்பூசி அட்டையில் பிறந்த எடை இருக்கும். ஒன்றரை வயது ஊசி வரைக்கும் சில எண்கள் இருக்கும். அதன்பின் பள்ளியில் சேரும்வரை ஒன்றும் இல்லை. மருத்துவ ஆராய்ச்சி விரலை நீட்டுவதோ சரியாக அந்த ஆண்டுகளின் மீதுதான்.

1969 முதல் 1972 வரை தெற்கு டெல்லியின் ஒரு பகுதியில் பிறந்த குழந்தைகளை ஒரு மருத்துவக் குழு பிறந்த நாளிலிருந்தே அளந்து எழுதி வைத்தது. கணினி பரவாத அந்தக் காலத்தில் வீடு வீடாகப் போய் உயரத்தையும் எடையையும் ஆண்டுக்கணக்கில் குறித்துவந்த உழைப்பு அது. அந்தக் குழந்தைகளில் 1,492 பேரை, அவர்கள் 26 முதல் 32 வயதுக்காரர்களான பிறகு தேடிப்பிடித்துச் சர்க்கரைப் பரிசோதனை செய்தார்கள். சந்தோஷ் பார்கவா, ஹர்ஷ்பால் சச்தேவ் உள்ளிட்டோர் எழுதிய முடிவு 2004இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. 4.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு, 10.8 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய நிலை. அந்த இளம் வயதிலேயே! இவர்களுடைய பழைய குறிப்புகளைப் புரட்டியபோது ஓர் ஒற்றுமை தெரிந்தது. இரண்டு வயது வரை மெலிந்திருந்தவர்கள் இவர்கள். அதன்பின் மற்றக் குழந்தைகளைவிடச் சீக்கிரமாகவே சதைபிடிக்கத் தொடங்கி, பெரியவர்களாகும்வரை வேகமாக ஏறிக்கொண்டே போயிருந்தார்கள்.

'சீக்கிரமாக' என்பதன் பொருள் முக்கியமானது. பிறந்த குழந்தை முதல் வருடத்தில் உருண்டு திரள்கிறது. உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. எட்டு ஒன்பது மாதத்தில் உச்சத்தைத் தொடுகிறது. நடக்கத் தொடங்கியதும் அது இறங்குகிறது. குழந்தை நீள்கிறது, கன்னம் வற்றுகிறது, கால்கள் குச்சியாகத் தெரிகின்றன. ஐந்து, ஆறு வயதில் பி.எம்.ஐ. தன் அடிமட்டத்துக்கு வந்து, பிறகு திரும்பி மேலேறும். பிரான்ஸின் ரோலண்-கஷேரா 1984இல் இந்தத் திருப்பத்தைச் சுட்டிக்காட்டி, அது எவ்வளவு முன்கூட்டி வருகிறதோ அவ்வளவுக்குப் பிற்காலத்தில் உடல் பருமன் வாய்ப்பு கூடுகிறது என்றார். ஐந்தரை வயதில் வர வேண்டிய திருப்பம் நான்கிலோ மூன்றிலோ வந்தால் அது ஒரு முன்னறிவிப்பு. கண்ணுக்கு அது தெரியாது. தெரிந்தாலும், "இப்பத்தான் புள்ளைக்கு உடம்பு பிடிக்குது" என்று வீடே மகிழும்.

டெல்லி ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. பிற்காலத்தில் சர்க்கரை நோய்க்கு ஆளான அந்தக் குழந்தைகளில் ஒருவர்கூடப் பன்னிரண்டு வயதில் உடல் பருமன் என்ற வரையறைக்குள் வரவில்லை. வகுப்பில் சராசரிப் பிள்ளைகளாகத்தான் இருந்திருப்பார்கள். ஆகவே, குழந்தைப் பருவ உடல் பருமன் என்றதும் பத்திரிகைகளில் வரும் படத்தை, பர்கரைக் கையில் பிடித்த குண்டுப் பையனை, மனதிலிருந்து கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும். நம் நாட்டுச் சிக்கல் அந்தப் படத்துக்குள் அடங்காது.

ஏன் அடங்காது என்பதற்குப் புணேயில் பதில் கிடைத்தது. அங்குள்ள கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக், மகாராஷ்டிரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டார். நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5 கிலோ. எடை, நீளம், தசை, வயிறு எல்லாம் நமக்குக் குறைவு. முதுகில், தோள்பட்டை எலும்புக்குக் கீழே உள்ள தோல்மடிப்பை அளந்தபோது மட்டும் அந்தக் குறைவு பெரிதாகத் தெரியவில்லை. இவ்வளவு சின்ன உடம்பிலும் கொழுப்பு பத்திரமாக இருந்தது. மெலிந்த, ஆனால் கொழுத்த குழந்தை. யாஜ்னிக் தன்னையே சான்றாக்கியதும் உண்டு. அவருக்கும் லண்டன் ஆய்வாளர் ஜான் யட்கினுக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. உடலில் உள்ள கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இருவரும் சேர்ந்து நிற்கும் படத்தோடு 'லான்செட்' இதழ் 2004இல் அதை வெளியிட்டது.

கருவில் கிடைக்கும் ஊட்டம் போதாதபோது சிசு முதலில் மூளையைக் காப்பாற்றுகிறது. தசைக்கும் கணையத்துக்கும் சிறுநீரகத்துக்கும் சேர வேண்டியதில் கைவைக்கிறது. இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் 1980களின் இறுதியில், எடை குறைந்து பிறந்தவர்கள் பிற்காலத்தில் இதய நோயால் அதிகம் இறக்கிறார்கள் என்று ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தின் பழைய பிறப்புப் பதிவேடுகளிலிருந்து எடுத்துக்காட்டியபோது பலர் நம்பவில்லை. இன்று அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ரத்தசோகையோடும் அரைவயிற்றோடும் பிள்ளை பெற்ற பெண்களின் வழிவந்தவர்கள் நாம். பாட்டிக்குக் கிடைக்காத சோறு பேரனின் கணையத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று சொன்னால் அது கவிதைக்காகச் சொன்னதாகாது.

அப்படிப்பட்ட குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என்ன நடக்கிறது? பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது எடையைத்தான். "ரெண்டே கால் கிலோவா? சீக்கிரம் தேத்தணும்." சில வீடுகளில் தாய்ப்பாலுக்கு முன்பே சேனை வைப்பார்கள், அதாவது நாக்கில் சர்க்கரைத் தண்ணீர். ஆறு மாதம் முடிந்ததும் டின்னில் வரும் இனிப்புக் கஞ்சி, பிறகு பாலில் ஊறவைத்த பிஸ்கட். பாலே இறங்காவிட்டால் அதில் இரண்டு கரண்டி மால்ட் பவுடர், கூடவே சர்க்கரை. இதைச் செய்கிற தாயையோ பாட்டியையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. பசியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊரில் கொழுகொழுவென்ற குழந்தை ஒரு காப்புறுதி. வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்தால் தாக்குப்பிடிக்க உடம்பில் கொஞ்சம் சதை வேண்டும் என்று அனுபவத்தில் கற்றவர்கள் அவர்கள். அந்த அச்சம் நியாயமானது. அது பிறந்த காலம்தான் கடந்துவிட்டது.

இரண்டு வயதுக்குப் பிறகுதான் அச்சம் முற்றுகிறது. பிறந்த எடை ஐந்து மாதத்தில் இரு மடங்காகி, ஒரு வயதில் மும்மடங்காகிவிட்டதைப் பார்த்த கண்களுக்கு, அதன்பின் வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு கிலோவே ஏறுவது பெரிய வீழ்ச்சியாகத் தெரிகிறது. வளர்ச்சியின் வேகம் குறைவதால் குழந்தைக்குப் பசியும் குறைகிறது. அது இயற்கை. "அமுல் பேபி மாதிரி இருந்தான், இப்போ உருகிப் போயிட்டான்" என்று அம்மா மருத்துவரிடம் போகிறார், பசி மருந்து எழுதித்தரச் சொல்கிறார். தட்டைத் தூக்கிக்கொண்டு குழந்தையின் பின்னால் ஓடுவதும், செல்போனைக் காட்டி அது வாயைத் திறந்த நேரம் பார்த்து உருண்டையைத் திணிப்பதும் இந்த வயதில்தான். போதும் என்று தலையைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளை தன் வயிற்றின் பேச்சைக் கேட்கத் தெரிந்த பிள்ளை. நாளுக்கு மூன்று முறை, வருடக்கணக்கில் அந்தப் பேச்சை மீறிச் சாப்பிடப் பழக்குகிறோம். உடல் மெலிய வேண்டிய பருவத்தில் மெலியவிடாமல் பிடித்துவைக்கிறோம். திருப்பம் முன்கூட்டி வருவதற்கு வீட்டுக்குள் இருக்கும் காரணங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

திணித்தது எங்கே போகிறது? ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2008இல் காட்டியபடி, ஒருவர் உடலில் கொழுப்புச் செல்கள் எத்தனை என்பது குழந்தைப் பருவத்திலும் பதின்பருவத்திலும் முடிவாகிவிடுகிறது. பெரியவரான பின் இளைத்தாலும் எண்ணிக்கை குறைவதில்லை, செல்கள் சுருங்குகின்றன, அவ்வளவே. நம் குழந்தைகளுக்குத் தோலுக்கடியில் பத்திரமாகக் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் இடம் குறைவு. குதிர் நிறைந்த பிறகு நெல்லைக் கூடத்திலும் திண்ணையிலும் கொட்டுவதுபோல, மிஞ்சுவது கல்லீரலுக்கும் தசைக்கும் கணையத்துக்கும் போய்ச் சேர்கிறது. சர்க்கரையில் பாதியாக இருக்கும் ஃப்ரக்டோஸைக் கல்லீரல்தான் கையாள வேண்டும். அளவுக்கு மீறினால் கொழுப்பாக மாற்றி ரத்தத்துக்குள் அனுப்புகிறது, மீதியைத் தன்னிடமே தேக்கிக்கொள்கிறது. கொழுப்பேறிய கல்லீரலும் தசையும் இன்சுலினின் சொல்லுக்குச் செவிசாய்ப்பதில்லை. கணையம் இன்னும் உரக்கப் பேச வேண்டியிருக்கிறது, அதாவது இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. ட்ரைகிளிசரைடு ஏறுகிறது, நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். இறங்குகிறது, ரத்த அழுத்தம் மெல்ல நகர்கிறது. பூப்பெய்தும் பருவத்தில் எல்லாக் குழந்தைகளுக்குமே இன்சுலின் எதிர்ப்பு கொஞ்சம் கூடும். ஏற்கெனவே திணறும் கணையத்தின் மேல் அந்தச் சுமையும் விழும்போதுதான் கழுத்து கறுக்கிறது.

இது ஆய்வகத்துக்குள் மட்டும் நடக்கும் கதை என்று நினைப்பவர்கள் மத்திய அரசின் 2016-18 தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பைப் பார்க்கலாம். ஐந்து முதல் ஒன்பது வயது வரையிலான இந்தியக் குழந்தைகளில் அதிக எடை கொண்டோர் 4 சதவீதம் மட்டுமே. ஆனால், ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு மிகுந்தவர்கள் 34 சதவீதம், நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருப்போர் 10 சதவீதம். எடைக்கருவி ஒன்றைச் சொல்ல, ரத்தம் வேறொன்றைச் சொல்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் அதிக எடை உள்ளவர்கள் நான்காவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 2.1 சதவீதமாக இருந்து, ஐந்தாவதில் 3.4 ஆனார்கள். சின்ன எண்தான். தமிழ்நாட்டில் அதே ஐந்தாவது கணக்கெடுப்பில் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள் என்பதையும், ஐந்து வயதுக்குட்பட்டோரில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர் என்பதையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் படம் முழுமையாகும். குட்டையாக நின்றுபோன குழந்தையும் பருத்த பெரியவரும் பல நேரம் ஒரே ஆளின் இரண்டு வயதுகள்.

பருமன் வெளிப்படையாகவே தெரியும் குழந்தைகளைப் பற்றி ஜெர்மனியின் லைப்சிக் நகரத்திலிருந்து வந்த ஆய்வு (2018) இன்னும் அழுத்தமாகப் பேசுகிறது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளில், மூன்று வயதில் பருமனாக இருந்தவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் பதின்பருவத்திலும் அதிக எடையோடோ பருமனோடோதான் இருந்தார்கள். பருமனான பதின்பருவத்தினரின் எடை மிக வேகமாக ஏறிய காலமும் இரண்டு முதல் ஆறு வயது வரைதான். "வளர வளர சதை வத்திடும்" என்ற ஆறுதல் வார்த்தை பெரும்பாலானோர் விஷயத்தில் பலிப்பதில்லை.

நம்பிக்கை தரும் ஆய்வுகளும் உண்டு, அவற்றையும் அதே குரலில் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் பள்ளிக்காலப் பதிவுகளைப் பிற்கால நோய்ப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்தார்கள். ஏழு வயதில் அதிக எடையோடு இருந்து, பதின்மூன்று வயதுக்குள் இயல்புக்குத் திரும்பி, அப்படியே இளைஞரானவர்களுக்கு நீரிழிவு வாய்ப்பு, என்றுமே எடை கூடாதவர்களுக்கு இருந்த அளவுதான். காலம் தாழ்த்தாவிட்டால் கணக்கைத் திருத்தி எழுத முடியும்.

இன்னும் முன்னால் போனால் எவ்வளவு திருத்தலாம் என்பதற்குப் பிரிட்டன் தெரியாமலே ஒரு சோதனை நடத்தியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரையொட்டி அங்கே சர்க்கரை ரேஷனில்தான் கிடைத்தது. போர் முடிந்தும் அது நீடித்து, 1953 செப்டம்பரில்தான் கட்டுப்பாடு விலகியது. விலகியதும் ஒருவர் உண்ணும் சர்க்கரை நாளுக்கு ஏறக்குறைய 40 கிராமிலிருந்து 80 கிராமாக எகிறியது. மற்ற உணவுகளில் அவ்வளவு பெரிய மாற்றமில்லை. ஆக, அந்தத் தேதிக்குச் சற்று முன்னும் பின்னும் கருவாகிப் பிறந்தவர்கள் ஒரே நாட்டில், ஒரே மாதிரியான வீடுகளில் வளர்ந்தும் சர்க்கரையில் மட்டும் வேறுபட்டார்கள். அமெரிக்க, கனடா ஆய்வாளர்கள் இவர்களில் சுமார் அறுபதாயிரம் பேரின் ஐம்பது, அறுபது வயது உடல்நலத்தை ஆராய்ந்து 2024இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் ரேஷன் சர்க்கரையோடு வளர்ந்தவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வாய்ப்பு 35 சதவீதமும் உயர் ரத்த அழுத்த வாய்ப்பு 20 சதவீதமும் குறைந்திருந்தன. வந்தவர்களுக்கும் நீரிழிவு நான்கு ஆண்டுகள் தாமதமாகவே வந்தது. மருந்தில்லை, மாத்திரையில்லை, உடற்பயிற்சி வகுப்பில்லை. தாயின் தட்டிலும் சேயின் கிண்ணத்திலும் இனிப்பு குறைவாக இருந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அந்த வித்தியாசம் அழியவில்லை.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உணவில் சர்க்கரையே சேர்க்கக் கூடாது என்று ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. நெஸ்லே நிறுவனம் இந்தியாவில் விற்கும் செரலாக் வகைகளில் ஒரு வேளைக்குச் சராசரியாகக் கிட்டத்தட்ட மூன்று கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்தது. அந்த நிறுவனத்தின் தாய்நாட்டில் அதே வகை உணவு சேர்க்கப்பட்ட சர்க்கரை இல்லாமல் விற்கப்படுகிறது. ஐந்தாண்டுகளில் 30 சதவீதம் வரை குறைத்துவிட்டோம் என்றது நிறுவனம். ஆண்டு முடிவதற்குள் சுத்திகரித்த சர்க்கரை சேர்க்காத வகைகளையும் இங்கே அறிவித்தது. அறிவிக்க முடிந்தது என்றால் முன்பே செய்திருக்க முடியும். சூரிக் குழந்தைக்கு வேண்டாத சர்க்கரை, எடை குறைந்து பிறந்து கணையம் சிறுத்த சேலத்துக் குழந்தைக்கு எதற்கு? இந்தக் கேள்வியை அரசுதான் கேட்டிருக்க வேண்டும், வெளிநாட்டுத் தன்னார்வ அமைப்பு கேட்கும்வரை காத்திருந்தோம்.

அரசு கேட்காதது மட்டுமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம், மால்ட் பானப் பொடி ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது. சர்க்கரை கலந்த சோடா பானங்களுக்கு 40 சதவீதம் வரி போடத் தெரிந்தவர்களுக்கு, மூன்று வயதுக் குழந்தை சோடாவைவிட பிஸ்கட்டைத்தான் அதிகம் தின்கிறது என்பது தெரியவில்லையா? பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய் பாக்கெட்டுகள் கூலிவேலைக்குப் போகும் தாயின் கைக்கு எட்டும் விலையில் இருக்கின்றன. ஒரு வாழைப்பழமும் ஒரு முட்டையும் அந்த விலைக்குள் வருவதில்லை. உறையின் முன்பக்கத்தில் எச்சரிக்கை போடும் விவகாரமோ இன்னும் இழுபடுகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் நட்சத்திரக் குறியீடு என்று ஒரு வரைவைக் கொண்டுவந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலையிட்டுக் கெடு விதிக்கும் நிலை வந்தது. சிலி நாடு 2016லேயே கறுப்பு எண்கோண எச்சரிக்கையை உறையில் அச்சிட வைத்து, குழந்தைகளைக் கவரும் பொம்மைப் படங்களையும் அந்த உறைகளிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டது. எழுத்தறியாத பாட்டிக்கும் கறுப்புக் குறி புரியும். நட்சத்திரம் போட்டால் பிஸ்கட்டுக்கும் ஒன்றிரண்டு நட்சத்திரம் கிடைத்துவிடும், நட்சத்திரம் என்றாலே நல்லது என்றுதானே தோன்றும்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். இந்த விஷயத்தில் நாம் வெறுங்கையோடு நிற்கவில்லை. கர்ப்பகால நீரிழிவை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பரிசோதிக்க வேண்டும் என்று நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. டாக்டர் வி. சேஷய்யா வலியுறுத்திய எளிய முறை, 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை, 2007இல் இங்கே அரசாணையானது. வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை என்பதால் கிராமத்துப் பெண்ணுக்கும் அது எட்டியது. கர்ப்பத்தில் சர்க்கரை இருந்த தாய்மார்களின் பெண்பிள்ளைகள் ஐந்து வயதிலேயே மற்றவர்களைவிடக் கொழுப்பு மிகுந்திருந்ததை மைசூரில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. பிரசவம் முடிந்ததும் தாயை மறந்துவிடுகிறோம், சேயையும் மறந்துவிடுகிறோம். 'தாய்க்குக் கர்ப்பகால நீரிழிவு' என்று குழந்தையின் அட்டையில் ஒரு குறிப்பு ஏறினால் எந்தக் குழந்தையைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பது செவிலியருக்குத் தெரியும். எடை குறைந்து பிறந்த குழந்தைக்கும் அப்படியே.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி இன்று தொடக்கப் பள்ளிகளில் பரவியிருக்கிறது. அது ஆறு வயதில் வருகிற பிள்ளைக்கு. அதற்கு முன்னால் இருப்பது பால்வாடி. முட்டையும் பருப்பும் காய்கறியும் தரும் பால்வாடிச் சாப்பாடு, இனிப்புப் பாக்கெட்டோடு ஒப்பிட்டால், இந்த நோய்க்கு எதிரான மருந்து என்றே சொல்லலாம். எடை குறைந்த குழந்தைக்கு வேண்டியது தசையும் எலும்பும் வளர்க்கும் சாப்பாடு, அதை முட்டை செய்யும். வீட்டுக்குக் கொடுத்துவிடும் சத்துமாவில் வெல்லத்துக்கு இருக்கும் பங்கை ஊட்டச்சத்து வல்லுநர்கள் உட்கார்ந்து மறுபரிசீலனை செய்யலாம். வெல்லமும் சர்க்கரைதான், கணையம் நிறம் பார்ப்பதில்லை.

பால்வாடியில் குழந்தைகளை அளக்கிறார்கள், செயலியிலும் ஏற்றுகிறார்கள். ஆனால் தாயிடம் சொல்லப்படுவது பெரும்பாலும் எடை மட்டுமே: "எடை ஏறலம்மா, நல்லாக் குடு." உயரத்தோடு சேர்த்துப் பார்க்காமல் எடையை மட்டும் துரத்தினால் டெல்லிக் குழந்தைகளின் பாதைதான் நம் பாதை. உயரம் ஏறி எடை மெதுவாக ஏறும் பிள்ளை நன்றாக வளர்கிறது. உயரம் நின்றுபோய் எடை ஏறும் பிள்ளையைப் பார்த்து மகிழக் கூடாது, கவலைப்பட வேண்டும். இதை ஒரு தாய்க்குச் சொல்லிப் புரியவைக்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்துக்கு அங்கன்வாடிப் பணியாளரின் கையில் நேரம் இருக்க வேண்டும், அவருக்குப் பயிற்சியும் இருக்க வேண்டும்.

மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். குழந்தைக்கு எடை கூடிவிட்டது என்று தெரிந்தால் பட்டினி போடச் சொல்ல வேண்டியதில்லை, சொல்லவும் கூடாது. நான்கு வயதுப் பிள்ளையின் எடையைக் குறைக்கத் தேவையும் பெரும்பாலும் இல்லை. எடையை அப்படியே நிறுத்தி உயரத்தை ஏறவிட்டால் ஓரிரு ஆண்டில் உடல் தானே சரியாகிவிடும். வருடத்துக்கு ஆறேழு சென்டிமீட்டர் வளரும் வயது அது. பாலில் சர்க்கரையை நிறுத்துவது, பழச்சாறுக்குப் பதில் பழம், சாப்பிடும்போது திரையை அணைப்பது, பத்து மணி நேரத் தூக்கம், தினமும் ஓடியாடும் விளையாட்டு, இவ்வளவுதான் சிகிச்சை. விளையாட்டுக்கு இடம் வேண்டும் என்று சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசுகிறது. சென்னையிலும் திருப்பூரிலும் ஒற்றை அறை வீடுகளில் வளரும் பிள்ளைகள் எங்கே ஓடும்? தெருவில் வண்டி, வீட்டுக்குள் கட்டில். ஒவ்வொரு வார்டிலும் சிறுவர்கள் நடந்தே போகக்கூடிய தொலைவில் ஒரு திறந்தவெளி என்பது சுகாதாரத் துறையின் கோரிக்கையாகவும் ஆக வேண்டும். இன்னொன்றும் உண்டு. 'குண்டு', 'பூசணி' என்று பட்டப்பெயர் வைப்பதை வீட்டிலேயே நிறுத்த வேண்டும். கேலிக்குப் பயந்து விளையாட்டுத் திடலிலிருந்து ஒதுங்கும் பிள்ளை இன்னும்தான் பருக்கிறது.

நம் தடுப்பூசி அட்டவணையில் 16 முதல் 24 மாதத்துக்குள் ஒரு தவணை. அதற்கடுத்தது 5 முதல் 6 வயதுக்குள். நடுவில் ஊசி இல்லாததால் ஆரோக்கியமான குழந்தை சுகாதார நிலையத்துக்கு வருவதேயில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐந்து வயது வரை கொடுக்கப்படும் வைட்டமின் ஏ சொட்டு மருந்து மட்டும் இந்த இடைவெளியைத் தொட்டுச் செல்கிறது. அந்தச் சொட்டு மருந்து முகாமுக்கு வரும் ஒவ்வொரு குழந்தையின் உயரத்தையும் எடையையும் அளந்து, போன முறை எண்ணோடு ஒப்பிட்டு, தாயிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாம். புதிய திட்டமோ புதிய கட்டடமோ வேண்டாம். ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய திட்டத்தின் நடமாடும் குழுக்கள் ஆண்டுக்கு இரு முறை பால்வாடிகளுக்குப் போகின்றன. ஆனால், பருமன் கூடுதலாகக் காணப்படும் நடுத்தர வர்க்கப் பிள்ளைகள் அங்கே இல்லை. அவர்கள் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் தனியார் மழலையர் பள்ளிகளில், பிறந்தநாள் கேக்குக்கும் டிபன் பாக்ஸ் நூடுல்ஸுக்கும் நடுவே வளர்கிறார்கள். அந்தப் பள்ளிகளுக்கு அனுமதி புதுப்பிக்கும்போது கட்டடச் சான்றும் தீயணைப்புச் சான்றும் கேட்கிற அதிகாரிகள், குழந்தைகளை ஆண்டுக்கு இரு முறை அளந்து பெற்றோரிடம் எழுதிக் கொடுத்ததற்கான பதிவேட்டையும், வளாகத்துக்குள் இனிப்புப் பாக்கெட் விற்கவோ பரிசாகக் கொடுக்கவோ இல்லை என்ற உறுதிமொழியையும் வரும் கல்வியாண்டிலிருந்தே கேட்கத் தொடங்கட்டும்.